பெரிய வீட்டு வாசலில் பொங்கல் பானை வேண்டாம்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் தமிழ்ச் சங்கம் நடத்திக்கொண்டு, விடுமுறை வந்தால் பஸ் பிடித்து தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகரத்துக்குப் போய்வரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் நடுவில் ஒரு கிராமம். ஷார்லட்டில் மகன் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகப்போகிறது. போன மாதம் உங்களில் ஒரு சங்கம் ஏற்பாடு செய்த இரண்டு நாள் சார்ல்ஸ்டன் பயணத்தில் நானும் வந்தேன். எந்தச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி எடுத்துக்கொண்டு, வயதானவர்களுக்கு முன் இருக்கை கொடுத்து, மூன்றரை மணி நேரப் பயணத்தில் ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல் எங்களைக் கூட்டிப்போன பிள்ளைகளை நாலு பேர் முன்னால் நிறுத்திவைக்க எனக்கு மனசு வராது.

இந்த மடலுக்குக் காரணம், திரும்பி வரும்போது பஸ்ஸில் மைக் பிடித்த தம்பி சொன்ன யோசனை. "அடுத்த பொங்கல் விழாவை அந்தத் தோட்டத்திலேயே வெச்சுக்கலாமா? ஓக் மர நிழல், பின்னாடி வெள்ளைத் தூண் வெச்ச வீடு, போட்டோ சூப்பரா வரும். கல்யாணத்துக்கே வாடகைக்கு விடறாங்களாம்." பஸ் முழுக்கக் கைதட்டல். நானும் இரண்டு தட்டு தட்டிவிட்டேன், பழக்கதோஷம். அதற்கப்புறம் ஊர் வந்துசேரும்வரை தூக்கம் வரவில்லை.

நாம் பார்த்தது அந்தக் காலத்தில் அடிமைகளை வைத்துப் பயிர் விளைவித்த இடம். உங்கள் வாட்ஸ்அப் அறிவிப்பில் அந்த 'பிளான்டேஷன்' என்பதற்குத் 'தோட்டம்' என்று போட்டிருந்தீர்கள். 'காலை 10 மணி: தோட்டம் பார்த்தல்.' ரோஜாவும் குரோட்டன்சும் பார்க்கப் போகிறோம் என்றுதான் நான் கிளம்பினேன். அந்த மொழிபெயர்ப்பைத் தப்பு என்றும் சொல்ல முடியாது. இலங்கை மலையிலும் மலாயா ரப்பர் காட்டிலும் நம் சனங்கள் 'தோட்டம்' என்று எதைச் சொன்னார்கள் என்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அந்தச் சொல்லில் பூ வாசனை கிடையாது. ஆனால் தஞ்சாவூர் வயல்காட்டில் வளர்ந்த எனக்கு அந்த இடத்தைப் பார்த்ததும் வாயில் வந்த சொல் வேறு. பண்ணை. ஆற்றோரம் வரப்பு கட்டிய வயல், மதகு, களம், ஆட்களின் குடிசை வரிசை, எல்லாவற்றுக்கும் தள்ளி மேட்டில் ஒரு வீடு. அங்கேயும் அதற்கு 'பிக் ஹவுஸ்' என்றுதான் பெயராம். பேத்தி அதைச் சொன்னபோது எனக்கு உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. எங்கள் பக்கம் 'பெரிய வீடு' என்றால் எது, 'பெரிய வீட்டுக்காரர்' என்றால் யார் என்று யாரும் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை.

சார்ல்ஸ்டன் ஊரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அழகான ஊர்தான், பிடித்துத்தான் போனது. 1670இல் ஆங்கிலேயர் வந்து இறங்கிய இடம். பத்தாண்டு கழித்து ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில் நாக்கு மாதிரி நீளும் நிலத்துக்கு ஊரை மாற்றிக்கொண்டார்கள். அந்த இரண்டு ஆறும் கூடித்தான் அட்லாண்டிக் சமுத்திரமே உண்டாகிறது என்று உள்ளூர்க்காரர்கள் தங்களைத் தாங்களே கேலி பண்ணிக்கொள்வார்களாம். கும்பகோணத்துக்காரர்களோடு சம்பந்தம் பண்ணியவள் நான், எனக்கு இந்தப் பெருமை புதிதில்லை. வீடுகள் தெருவுக்கு முகம் காட்டாமல் தோளைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. தெருப்பக்கம் ஓர் அறை அகலம்தான், மீதியெல்லாம் உள்ளே நீளம். பக்கவாட்டில் காற்று வாங்க நீளத் தாழ்வாரம், தெருக்கதவைத் திறந்தால் முதலில் அந்தத் தாழ்வாரத்துக்குத்தான் போகிறோம். பல வீடுகளில் தாழ்வாரத்தின் மேற்கூரைக்கு வெளிர்நீலம் அடித்திருக்கிறது. அப்படி அடித்தால் ஆவி அண்டாது என்பது 'கல்லா' (Gullah) என்ற மக்களின் நம்பிக்கை என்றார்கள். இந்தக் கரையில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். நம் வாசலில் பூசணிக்காய் தொங்குகிற மாதிரி.

குதிரை வண்டியில் ஏறினோமே, அது எனக்குப் பெரிய வேடிக்கை. எந்த வண்டி எந்தப் பக்கம் போவது என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்கிறார்கள், எல்லா வண்டியும் ஒரே தெருவில் போய் அடைக்கக் கூடாதாம். நடுத்தெருவில் குதிரை மூத்திரம் பெய்தால் வண்டிக்காரர் அந்த இடத்தில் ஒரு சின்னக் கொடியைப் போட்டுவிட்டுப் போகிறார். பின்னாலேயே ஒரு வண்டி வந்து தண்ணீர் அடித்துக் கழுவுகிறது. இவ்வளவு பதவிசான நகராட்சியை நான் பார்த்ததில்லை.

அந்த வண்டியில் இருந்துதான் முதல் நெருடல். ஒரு மாளிகையின் பின்கட்டைக் காட்டி, "அங்கே மேலே வேலைக்காரர்கள் தங்கினார்கள்" என்று வழிகாட்டி சொன்னதை நம் தம்பி ஒருவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். என் பேத்திக்குப் பதினொரு வயது. "அவங்களுக்கு சம்பளம் எவ்வளவு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வழிகாட்டி சிரித்தார். குதிரையை ஒரு அதட்டு அதட்டினார். அடுத்த வீட்டின் இரும்பு கேட் வேலைப்பாட்டுக்குப் போய்விட்டார். அந்த ஊர் வழிகாட்டிகள் எல்லோரும் அப்படி இல்லை என்பது மறுநாளே தெரிந்தது. ஆனால் அந்த வண்டியில் இருந்த நம்மவர்களில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்த நானும் கேட்கவில்லை.

மறுநாள் 'தோட்டம்'. நீங்கள் எல்லோரும் ஓக் மரச் சாலையில் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். முழங்கால் வலிக்கு உட்கார இடம் தேடி ஓரமாக இருந்த ஒரு கொட்டகைக்குள் நுழைந்தேன். உள்ளே ஓர் உரல் இருந்தது.

அடிமரத்தைக் குடைந்து செய்த மர உரல், இடுப்பு உயரம். பக்கத்தில் உலக்கை, பூண் இல்லை, நடுவில் பிடிக்க வாகாக இளைத்து இரண்டு முனையும் பருத்திருந்தது. சுவரில் வட்டமாக, அகலமாக, ஓரம் லேசாக எழும்பிய ஒரு புல் கூடை. அதைக் கூடை என்று எழுதி வைத்திருந்தார்கள். கூடை இல்லை அம்மா அது, முறம். மூங்கிலுக்குப் பதில் புல், நம்முடையது ஒரு பக்கம் திறந்திருக்கும், அது முழு வட்டம், அவ்வளவுதான் வித்தியாசம். புடைக்கிற கைக்கு அது தெரிந்துவிடும். பத்தாயிரம் மைல் தள்ளி எங்கள் வீட்டு இடைகழியில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

நெல்தான் இந்த ஊரின் சொத்து. அந்த வண்ண வண்ண வீடுகள், வெள்ளைத் தூண்கள், மாடத்து இரும்பு வேலை, பெரும்பாலும் நெல் விற்ற பணம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி அமெரிக்க உள்நாட்டுப் போர்வரை 'கரோலைனா கோல்டு' போன்ற அரிசி இங்கிருந்து கப்பல் ஏறியது. உமி பொன்னிறமாக இருப்பதால் அந்தப் பெயர். இங்கிலாந்தில் நெல் விளையாது. அங்கிருந்து வந்த முதலாளிக்கு நாற்று எது, களை எது என்று எப்படித் தெரியும்? மேற்கு ஆப்பிரிக்காவில் செனகம்பியா, சியரா லியோன் பக்கத்து மக்கள் பல நூற்றாண்டுகளாக நெல் பயிரிட்டவர்கள். அந்தக் கரைக்கு 'நெல் கரை' என்றே பெயர். சார்ல்ஸ்டன் அடிமை விற்பனை விளம்பரங்களில் அந்தப் பெயரைப் போட்டே விலை ஏற்றியிருக்கிறார்கள். நெல் தொழில்நுட்பத்தில் ஆப்பிரிக்கர்களின் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றுப் பேராசிரியர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. நடக்கட்டும். குதிகாலால் சேற்றில் குழி அழுத்தி, விதை போட்டு, பாதத்தால் மண் தள்ளி மூடுகிற முறையை எந்த இங்கிலாந்துப் பிரபு கற்றுக்கொடுத்திருப்பார்?

வயலுக்குத் தண்ணீர் கட்டிய விதம்தான் என்னை அசத்தியது. நம் டெல்டாவில் தண்ணீர் சரிவில் ஓடி வரும். ஆறு, வாய்க்கால், மதகு, மடை, அவ்வளவுதான். அங்கே நிலம் தட்டை. கடல் ஏற்றத்தையே ஏற்றமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓதம் ஏறும்போது கடல் ஆற்றைப் பின்னுக்குத் தள்ளும், ஆற்று நீர் கரை அளவுக்கு உயரும். அந்த நேரம் பார்த்து மதகைத் திறந்தால் வயலில் நல்ல தண்ணீர் நிற்கும். ஓதம் இறங்கும்போது திறந்தால் வடிந்துவிடும். கொஞ்சம் நேரம் தப்பினால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்து பயிர் கருகிவிடும். ஆரம்ப காலத்தில் சைப்ரஸ் மரத்தைக் குடைந்து மதகு வைத்ததால் அதற்கு 'டிரங்க்' என்றே பெயர் நின்றுவிட்டது. அதைக் காக்க ஓர் ஆள் உண்டு. நம் ஊர் நீர்க்கட்டியார் மாதிரி, ஆனால் அந்த ஆளையும் விற்கலாம். சதுப்புக்காட்டை வெட்டி, முதலைக்கும் பாம்புக்கும் நடுவில் மைல் கணக்கில் கரை போட்டது முழுக்க அடிமைகளின் கை. கோடையில் மலேரியாவுக்குப் பயந்து முதலாளி குடும்பம் ஊருக்கோ கடற்கரைக்கோ போய்விடும், நீங்கள் படம் பிடித்த வண்ண வீடுகளுக்குத்தான். வயலில் இறங்கியவர்கள் வயலிலேயே இருந்தார்கள். பகல் முழுக்க மண்வெட்டி, விடிவதற்கு முன்னாலும் இருட்டின பிறகும் உரல். குத்து பலமாக விழுந்தால் அரிசி நொறுங்கும், நொறுங்கினால் அதற்குத் தண்டனை. நெல் குத்தியவர்களுக்குத் தெரியும் அந்தத் தோள்பட்டை வலி.

கொட்டகையின் ஒரு சுவரில் பழைய சொத்துப் பட்டியலின் நகலை மாட்டியிருந்தார்கள். பெயர், வயது, விலை. மாடு, குதிரை, வண்டிக்கு மேலே மனிதர்கள். எல்லோருக்கும் ஒற்றைப் பெயர், குடும்பப் பெயர் கிடையாது. குழந்தைக்கும் விலை போட்டிருந்தது. பேத்தி ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு வந்தாள்.

பிள்ளைகளா, இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் உங்களுக்கு மட்டும் புத்தி சொன்னால் அது யோக்கியம் இல்லை. எங்கள் தாத்தா வீட்டிலும் பண்ணையாள் இருந்தார். கொல்லைப்புறமாகத்தான் வருவார். கஞ்சியைக் கொட்டாங்கச்சியில் வாங்கிக் குடிப்பார். மூன்று தலைமுறையாக எங்கள் வயலில் இறங்கிய குடும்பம் அது, அதில் ஒருவருடைய முழுப் பெயரும் எனக்குத் தெரியாது. கூப்பிட்ட பெயர் மட்டும் தெரியும். அதையும் 'டா' போட்டுக் கூப்பிட்டிருக்கிறேன், எட்டு வயதுப் பெண், தாத்தா வயது மனிதரை. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள்களுக்கென்று சட்டம் வந்ததெல்லாம் பிற்பாடு நான் புத்தகத்தில் படித்தது. எங்கள் கொல்லைப்புறத்துக்கு அந்தச் சட்டம் ரொம்ப மெதுவாகத்தான் நடந்து வந்தது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரை, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தபோது நான் சின்னப் பெண். கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதில் தொடங்கிய தகராறு. மறுநாள் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே மனிதரைச் சந்தையில் நிறுத்தி விற்றார்கள், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விற்கச் சட்டமே துணை நின்றது. அதன் கொடுமைக்கு அளவு வேறு. ஆனால் 'பெரிய வீடு' எது, அதன் பின்வாசல் எது என்று சொல்லித்தராமலே தெரிந்தவர்கள் நாம். இங்கே வந்து அந்த வீட்டின் முன்வாசலில் விருந்தாளி மாதிரி நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொள்கிறோமே, அதுதான் எனக்குச் செரிக்கவில்லை. அங்கே பொங்கல் பானை வைத்து, நெல்லைக் கும்பிட்டு, "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினால் யார் விளைவித்த நெல்லுக்கு அந்தக் கும்பிடு?

விழாவுக்கு இடமாக அந்தப் பண்ணை வேண்டாம் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். இது நான் மட்டும் கண்டுபிடித்துச் சொல்வதும் இல்லை. பண்ணை வளாகங்களில் கல்யாணம் நடத்துவதை விளம்பரப்படுத்த மாட்டோம் என்று பின்டரஸ்ட் மாதிரி பெரிய தளங்களே 2019இல் சொல்லிவிட்டன. போகவே கூடாது என்றும் சொல்லவில்லை. போங்கள். சார்ல்ஸ்டனை ஒட்டிய ஜேம்ஸ் தீவில் மெக்லியாட் என்று ஒரு பண்ணை இருக்கிறது, மாவட்டப் பூங்கா நிர்வாகம் 2015இல் திறந்தது. அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் வாழ்க்கையை வைத்துத்தான் கதையே சொல்கிறார்கள். ஊருக்குள் எய்க்கன் ரெட் வீடு என்று ஒன்று, பின்கட்டையும் அடிமைகள் தங்கிய அறைகளையும் பூசி மெழுகாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். என் பேத்தி கேட்ட கேள்விக்கு அங்கே யாரும் குதிரையை அதட்ட மாட்டார்கள்.

இரண்டாவது, பயணத்தின் வரிசையை மாற்றுங்கள். சார்ல்ஸ்டனுக்குள் நுழைய வேண்டியது துறைமுகம் வழியாக. உங்கள் அட்டவணையில் கேட்ஸ்டன் துறை இல்லை. மற்றவர்கள் கிங் தெருவில் கடை பார்க்கப் போன இரண்டு மணி நேரத்தில் நானும் மகனும் பேத்தியும் அங்கே போனோம். ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களை இறக்கச் சட்டம் அனுமதித்த கடைசி ஆண்டுகளில், 1808 ஜனவரி 1இல் தடை வருவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று கப்பல்கள் முண்டியடித்து வந்த துறை அது. நான்கைந்து ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் அந்த ஊரில் இறக்கப்பட்டார்கள். விலைக்குக் காத்துக் கிடந்தபோதே பலர் செத்துப்போனார்கள். வட அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் பத்துக்கு நாலு பேர் சார்ல்ஸ்டன் வழியாக வந்தவர்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

அங்கே இப்போது பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் இருக்கிறது. நகரத்தின் மேயர் 2000இல் அறிவித்தது, திறந்தது 2023 ஜூனில். குதிரை மூத்திரத்துக்கு உடனே கொடி போடுகிற ஊர் இதற்கு எடுத்துக்கொண்ட காலத்தைக் கவனியுங்கள். மண்ணில் படாமல் கட்டடத்தைப் 13 அடி உயரத் தூண்கள் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். கீழே திறந்தவெளி, துறை முனையில் ஆழமில்லாத நீர்த்தொட்டி, அதன் தளத்தில் கப்பலின் அடித்தட்டில் அடுக்கியதுபோல மனித உருவங்கள், தலையும் காலும் நெருக்கமாக. அவற்றின் மேல் தண்ணீர் ஏறுகிறது, வடிகிறது. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். பேத்திக்கு வெட்கமாகிவிட்டது, "பாட்டி, இது டெம்பிள் இல்லை" என்று கையைப் பிடித்து இழுத்தாள். கீழே உள்ள அந்த நினைவுத் தோட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. மேலே போக முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள், நாற்பது பேரோடு போய் நின்றால் கஷ்டம்.

அங்கே நின்றபோது இன்னொரு நினைவும் வந்தது. அந்த வியாபாரத்தில் ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு மாற்றாகக் கொடுத்த சரக்கில் துணி பெரிய பங்கு. அதில் நம் சோழமண்டலக் கரையில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத்துணி உண்டு. நெய்தவருக்குத் தன் துணி எங்கே போகிறது என்று தெரிந்திருக்காது. 17ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் எங்கள் நாகப்பட்டினக் கரையிலிருந்தே டச்சுக்காரர்கள் நம் சனங்களை வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஏற்றிப் போனார்கள். எனக்குத் தெரிந்து அந்த இடத்தில் ஒரு நினைவுக்கல்கூட இல்லை. நாகப்பட்டினத்தில் நான் எத்தனை தடவை கடல் பார்க்கப் போயிருக்கிறேன்!

பிள்ளைகளுக்குச் சொல்லக் கதை வேண்டும் என்றால் அந்தத் துறைமுகத்திலேயே இருக்கிறது. சம்ட்டர் கோட்டையைக் காட்டி, உள்நாட்டுப் போரின் முதல் குண்டு 1861 ஏப்ரல் 12இல் அங்கே வெடித்தது என்று சொன்னீர்கள். சரி. மறு வருஷம் மே 13 விடிவதற்குள் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற 23 வயது அடிமை, அதே துறைமுகத்தில் 'பிளான்ட்டர்' என்ற கப்பலை அதிகாரிகள் கரையில் இருந்த நேரம் பார்த்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேறொரு துறையில் காத்திருந்த மனைவி மக்களை ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, சரியான ஊதல் அடையாளம் கொடுத்து, கோட்டைகளைத் தாண்டி வடக்குப் படையிடம் போய்ச் சேர்ந்தார். பிறகு பியூஃபோர்ட் என்ற ஊரில் தன் பழைய எஜமானரின் வீட்டையே வாங்கினார், ஐந்து தடவை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்வானார். என் பேத்தி ஷார்லட் வந்து சேரும்வரை அந்தத் தொப்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

கால்ஹூன் தெருவில் பஸ் போனபோது ஒரு வெள்ளைத் தேவாலயத்தைக் கடந்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 2015 ஜூன் 17 இரவு வேத வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரை நிறவெறியன் ஒருவன் சுட்டுக் கொன்ற இமானுவேல் தேவாலயம் அது. தெருவுக்குப் பெயர் தந்த கால்ஹூன் அடிமைமுறையை நாடாளுமன்றத்தில் நியாயப்படுத்திப் பேசியவர். அவர் சிலையை 2020இல்தான் இறக்கினார்கள். அடிமைமுறையில் தன் பங்குக்காக நகர மன்றம் 2018இல் மன்னிப்புக் கேட்டது, 7க்கு 5 என்ற வாக்கில். அந்த ஐந்தையும் சேர்த்துத்தான் ஊரைப் புரிந்துகொள்ள முடியும். அடுத்த தடவை அந்த இடத்தில் பஸ்ஸில் பாட்டை நிறுத்தினால் போதும்.

மூன்றாவது கொஞ்சம் சில்லறை விஷயம், ஆனால் எனக்குச் சங்கடமாக இருந்தது. சந்தையில் புல் கூடை பின்னி விற்கிற பெண்களிடம் நம்மவர்கள் சரவணா ஸ்டோர்ஸ் வாசல் மாதிரி பேரம் பேசினார்கள். ஒரு சின்னக் கூடைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். நான் ஒரு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், என் வயதிருக்கும். இனிப்புப் புல், கோரை, பைன் ஊசி எல்லாவற்றையும் ஒரு கத்தையாகச் சேர்த்து வட்டமாகச் சுற்றி, கைப்பிடியை மட்டும் உடைத்து எடுத்த ஒரு கரண்டிக் காம்பால் துளை போட்டு, பனைக்குருத்து மாதிரி ஓர் ஓலையை அதில் நுழைத்து இழுக்கிறார். அடிக்கொரு தரம் காம்பு உள்ளங்கையில் அழுந்துகிற இடம் காய்த்துப் போயிருந்தது. எனக்கு ஆங்கிலம் அவ்வளவு போதாது. கடையில் இருந்த அகலமான ஒரு கூடையை இரண்டு கையாலும் எடுத்தேன். முன்னால் நீட்டி, மேலே எற்றி, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டிப் புடைத்துக் காட்டினேன். அந்த அம்மா வேலையை நிறுத்திவிட்டார். கூடையை என்னிடமிருந்து வாங்கி, தானும் அதே மாதிரி புடைத்தார், கடைசி வெட்டு மட்டும் எனக்கு வலப்பக்கம், அவருக்கு இடப்பக்கம். "மை கிராண்ட்மதர்" என்றார். நானும் அதையேதான் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அது போதுமானதாக இருந்தது. அந்தக் கூடையைக் கேட்ட விலைக்கே வாங்கினேன், மகன் கார்டைத் தேய்க்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சாப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. "அங்கே நமக்கு ஒண்ணும் கிடைக்காது" என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். தக்காளி போட்ட சிவப்பு சாதம் இருக்கிறது. காராமணியும் அரிசியும் சேர்த்து வேகவைத்த 'ஹாப்பின் ஜான்' இருக்கிறது, புத்தாண்டு அன்று அதைச் சாப்பிடுவது அங்கே ஐதீகம். வெண்டைக்காய் சூப் இருக்கிறது. எள் போட்ட மெல்லிய பிஸ்கட்டுக்கு 'பென்னி' என்று ஆப்பிரிக்கப் பெயரே நிலைத்திருக்கிறது, கடித்தால் எள்ளடை ருசி. இதெல்லாம் கல்லா மக்களின் அடுப்பிலிருந்து வந்தது. பன்றி இறைச்சி சேர்த்திருப்பார்கள், சைவக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். புளியோதரை எங்கேயும் ஓடிப்போகாது.

நான் வாங்கி வந்தது இன்னொன்றும் உண்டு. ஒரு பவுண்டு கரோலைனா கோல்டு அரிசி, சின்னத் துணிப்பையில். உள்நாட்டுப் போருக்குப் பிறகு அடிமை உழைப்பும் போய், புயல்களும் அடித்து, அந்த நெல் ஏறக்குறைய அழிந்தே போயிற்றாம். 1980களில் விதை தேடி எடுத்து மறுபடி பயிரிட்டார்கள். விலையைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். வந்த மறுநாள் அந்தப் புல் கூடையிலேயே கொட்டிப் புடைத்துப் பார்த்தேன், கல் இல்லை, குருணை கொஞ்சம் இருந்தது. பாதியை வடித்தேன். குழையவில்லை, பருக்கை பருக்கையாக நின்றது, வெறும் சோற்றை மென்றால் லேசாக இனித்தது. கஞ்சி கெட்டியாக வந்தது, உப்புப் போட்டுக் குடித்தேன்.

அடுத்த பொங்கலுக்கு நான் ஊருக்குப் போய்விடுவேன். வழக்கம்போலப் பள்ளிக்கூட ஜிம்மிலேயே பானை வையுங்கள், போன தடவை மாதிரி புகை அலாரம் அடித்து தீயணைப்பு வண்டி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீதி அரை பவுண்டு அரிசி மகன் வீட்டில் மேல் அலமாரியில் இருக்கிறது. நாற்பது பேருக்குக் காணாது, பச்சரிசியோடு ஒரு கைப்பிடி கலந்து போடுங்கள். பானையில் போடும்போது இது எங்கிருந்து வந்தது என்று பேத்தியைச் சொல்லச் சொல்லுங்கள், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு டீச்சர்